பின்னுக்கு முறுகிய அக்சில்

முறிந்த அக்சிலை மேசையில் வைத்தால் ஓட்டியவர் என்ன செய்தார் என்பதைச் சச்சிதானந்தன் சொல்லிவிடுவார். வாகனக்காரர் சொல்லும் கதை அவருக்குத் தேவையில்லை. கேட்டாலும் நம்பமாட்டார். மெதுவாகத்தான் போனேன், திடீரென்று முறிந்துவிட்டது என்பதுதான் எல்லோரும் சொல்வது. வெறிபிடித்தவன்போல மிதித்தேன் என்று ஒருவராவது சொல்லி இந்த இருபத்திரண்டு வருடத்தில் அவர் கேட்டதில்லை. அவர் அக்சிலைத் துணியால் துடைப்பார், சில்லைச் சுழற்றும் அந்த இரும்புத் தண்டின் நுனியில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் பல்வரிகளை விரலால் தடவுவார், வெளிச்சத்துக்குத் திருப்புவார். பிறகு வாகனக்காரரை ஒருமுறை பார்ப்பார். அந்தப் பார்வையிலேயே அரைவாசிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

ஸ்காபரோவில் எல்ஸ்மியர் வீதிக்குப் பின்னால் ஒரே மாதிரிக் கதவுகளோடு நீளும் கராஜ் வரிசையில் கடைசிக்கு முந்தியது றம்ஸியின் கராஜ். காட்டுப்பாதையிலும் பாறையிலும் ஓட்டுவதற்கென்றே ஜீப் வைத்திருக்கும் ஆட்கள் அங்கே வருவார்கள். நல்ல தார் வீதி இருக்க, காசைக் கொடுத்துச் சேற்றில் புதைகிற இனம் அது. முன்னுக்கு நின்று சிரித்துப் பேசுவது றம்ஸியின் பாடு. சச்சிதானந்தன் உள்ளே, அக்சிலோடும் டிஃபரென்ஷலோடும்.

டிஃபரென்ஷலைப் பற்றி மட்டும் கேட்டால் அவர் வாய் திறப்பார். வளைவில் வெளிப்பக்கச் சில்லு கூடத் தூரம் ஓடவேண்டும், உட்பக்கச் சில்லு குறைய ஓடவேண்டும். அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பதுதான் டிஃபரென்ஷலின் வேலை. ஆனால் பள்ளத்தில் ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கினால், பலம் முழுவதையும் அந்த வெறும் சில்லுக்கே ஊட்டிவிட்டு, மண்ணைப் பிடித்திருக்கும் சில்லைப் பட்டினி போட்டுவிடும். அதற்குத்தான் லொக்கர். ஒரு சுவிட்சைத் தட்டினால் இரண்டு சில்லும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், எந்தக் கல்லிலும் ஏறும். ஆனால் பூட்டியபடியே ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, சில்லு கல்லில் முட்டி நிற்கும்போது மிதித்தால், போக இடமில்லாத பலமெல்லாம் அக்சிலில் இறங்கி அதை முறுக்கிப்போடும்.

"ஏற முதல் பூட்டுங்கோ. திரும்ப முதல் திறவுங்கோ. சில்லு நிண்டுதெண்டா காலை எடுங்கோ. இவ்வளவுதான் விசயம்" என்று முடித்துக்கொண்டு அவர் மறுபடி மேசைக்குப் போய்விடுவார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியில் தனியே இருந்தார். மனைவி நிலாணி பிரம்ப்டனுக்குப் போய் ஆறு வருடம். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சண்டை பிடிப்பதற்கும் இரண்டு பேர் பேசவேண்டும். "உங்களோட இருக்கிறதும் தனிய இருக்கிறதும் ஒண்டுதான். தனிய இருந்தா ரீவியை எண்டாலும் என்ர விருப்பத்துக்குப் போடலாம்" என்று சொல்லிவிட்டு இரண்டு சூட்கேசோடு போனாள். வெள்ளி பின்னேரம் கராஜ் பூட்டினால் திங்கள் காலைவரை அவர் குரலுக்கு வேலையில்லை. திங்கட்கிழமைகளில் முதல் சொல் தொண்டையில் சிக்கும். இருமிச் சரிப்படுத்திக்கொண்டுதான் றம்ஸிக்குக் காலை வணக்கம் சொல்வார். தனிமை பழகிவிடும் என்று யாரோ சொன்னதை அவர் முதல் இரண்டு வருடம் நம்பினார். பிறகு அப்படிச் சொன்னவர் யாரோ குடும்பத்தோடு இருப்பவராகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டினார்.

இப்படி இருந்தவரைக் காட்டுக்குக் கொண்டுபோனவள் ஷரோன்.

அவள் பார்க்டேலில் பிறந்தவள். தாய் தகப்பன் குருநகர்க்காரர். ஒரு வைத்தியசாலையின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. முப்பத்தெட்டு வயதில் சிவப்பு ஜீப் ஒன்றை வாங்கி, காட்டில் ஓட்டும் கிளப் ஒன்றில் சேர்ந்தவள், மறுவருடம் அதற்கு முன்னும் பின்னும் லொக்கர் போடவேண்டும் என்று மாசி மாதப் பனிக்குள் வந்து நின்றாள். வேலை முடிந்து அவர் ஜீப்பின் திறப்பைக் கொடுக்கும்போது கேட்டாள்.

"சச்சி அண்ணை, நீங்க இவ்வளவு லொக்கர் போட்டிருக்கிறீங்க. ஒண்டாவது காட்டு ட்ரெயில்ல வேர்க் பண்ணுறதைப் பாத்திருக்கிறீங்களா?"

"இல்லை."

"சீரியஸ்லி? ஒருக்காவும் இல்லையா?"

"ஆர் கூப்பிட்டது?" என்று கேட்டார் அவர். பகிடியாகச் சொன்னதல்ல. ஆனால் அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, "நான் கூப்பிடுறன். மே மாதம். வாறீங்க" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர் என்ன நினைத்தாரோ, "ஓம்" என்றார்.

கிளப்பில் பத்துப் பன்னிரண்டு வாகனங்கள். தலைவி கிளடிஸ், எழுபதை எட்டிய வெள்ளைக்காரி, முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். குழந்தைகளை அதட்டிய குரலிலேயே பெரியவர்களையும் அதட்டுவார். சனிக்கிழமைகளில் வடக்கே மிண்டன் பக்கமோ பான்க்ரொஃப்ட் பக்கமோ போவார்கள். பாறையில் ஏறும் வாகனத்துக்கு முன்னால் ஒருவர் நின்று கையால் வழி காட்டவேண்டும், ஏனென்றால் ஓட்டுபவருக்குச் சில்லு தெரியாது. அவரை ஸ்பொட்டர் என்பார்கள். ஓட்டுபவர் தன் கண்ணை மறந்து அவர் கையை நம்பவேண்டும் என்பது விதி.

முதல் நாளே சச்சிதானந்தன் தயங்கித் தயங்கி ஒரு ஜீப்புக்கு இடப்பக்கம் என்று கை காட்டினார். அது கீறல் இல்லாமல் ஏறியது. எந்த வாகனத்தின் அடியில் எது எத்தனை அங்குலம் தொங்குகிறது என்பது அவருக்கு மனப்பாடம். மூன்றாவது பயணத்தில் கிளடிஸ் அவருக்கு ஸ்பொட்டரின் செம்மஞ்சள் நிற மேலங்கியைக் கொடுத்தார். காலையில் நின்றபடி ஐந்து நிமிடம் கைச்சைகைகளையும் செய்துகாட்டினார். சச்சிதானந்தன் தலையாட்டினார். வா, போ, நில் என்பதற்கெல்லாமா ஒரு மனிதன் ஐம்பத்திரண்டு வயதில் பாடம் கேட்பது? இடம், வலம், நில் என்பதற்குத்தான் அவர் கையைப் பாவித்தார். முன்னுக்கு வா என்பதை எப்போதும் சட்டைப்பையில் இருந்த வோக்கிடோக்கியில் சொல்வார்.

அந்த மேலங்கியை அவர் கழுவி, அலுமாரியில் கல்யாணவீட்டுக்குப் போடும் சேர்ட்டுகளோடு மாட்டி வைத்தார். அதை அணிந்தால் பன்னிரண்டு வாகனங்கள் அவர் முகத்தைப் பார்த்தன. அவரோடு யாரும் அதிகம் பேசவில்லைதான். அவரும் பேசவில்லை. ஆனாலும் சனிக்கிழமைகள் வந்தன.

புரட்டாதி மாதத்து ஒரு சனிக்கிழமை, பான்க்ரொஃப்டுக்குப் பக்கத்தில் அது நடந்தது. ஓடை ஒன்று சத்தத்தோடு விழும் இடத்துக்குப் பக்கத்தில் இடுப்பளவு பாறைப் படி. ஏறுமுன் சச்சிதானந்தன் குனிந்தபோது வோக்கிடோக்கி பையிலிருந்து வழுக்கித் தண்ணீரில் விழுந்து உயிரை விட்டது. பரவாயில்லை, கை இருக்கிறது என்று நினைத்தார். ஷரோனின் ஜீப் பாதி ஏறி நின்றது. முன் வலச் சில்லுக்குப் பின்னால் ஒரு கல் ஒட்டிக்கொண்டிருந்தது, முன்னால் வழி சுத்தமாக இருந்தது. லொக்கர் பூட்டியிருந்தது. பூட்டாமல் அந்த இடத்தில் அசையமுடியாது. ஸ்டியரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடிக்கக் கை காட்டினார். ஒடித்தாள். இனி ஓரடி முன்னுக்கு வந்தால் போதும்.

மெல்ல வா என்று கை காட்டினார். ஜீப் நடுங்கியது, நகரவில்லை. வா, வா என்று மறுபடி காட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் இறுகியிருந்தது. அவர் கையை வேகமாக அசைத்தார். அவள் இன்னும் கொஞ்சம் மிதித்தாள். பெரிய மரக்கொப்பு முறிந்ததுபோல ஒரு சத்தம். வலச் சில்லு சோர்ந்து நின்றது.

கயிறு கட்டி இழுத்து, முறிந்ததைக் கழற்றி, பின்சில்லுகளின் தயவில் ஜீப்பைப் பாதை முகப்புக்குக் கொண்டுவரப் பின்னேரமாகிவிட்டது. எல்லோரும் மடக்குக் கதிரைகளைப் போட்டுச் சுற்றி இருந்தார்கள். கிளடிஸ் கொப்பியைத் திறந்தார். எது முறிந்தாலும் ஏன் முறிந்தது என்று எழுதுவது கிளப்பின் வழக்கம். ஓட்டியவர் பிழையால் ஒரே வருடத்தில் இரண்டு தரம் முறிந்தால் ஐப்பசியில் போகும் மூன்று நாள் பெரும்பயணத்தில் அவருக்கு இடமில்லை. மே மாதத்தில் ஷரோன் ஏற்கெனவே ஒன்றை முறித்திருந்தாள். அது அவள் பிழையேதான். அந்தப் பெரும்பயணத்துக்கு அவள் போன வருடமே லீவு எழுதிக் கொடுத்திருந்தாள்.

"சச்சி, நீதான் முன்னால் நின்றாய். என்ன நடந்தது?" என்று கேட்டார் கிளடிஸ்.

சச்சிதானந்தன் சொன்னார். மெல்ல வரச் சொல்லித்தான் கை காட்டினேன், அவசரப்பட்டு மிதித்துவிட்டாள் என்றார். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் லொக்கர் பூட்டியபடி திரும்பினால் ஏன் முறிகிறது என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் தடித்த அக்சில் போட்டால் காப்பாற்றுமா என்று கேட்டார். சச்சிதானந்தன் தடியால் மண்ணில் படம் கீறினார். காட்டுக்குப் போவதென்றால் மாற்று அக்சில் ஒன்றைக் கையோடு கொண்டுபோகவேண்டும் என்றார். அவருடைய இங்கிலீஷ் அன்று எங்கேயும் சிக்கவில்லை. அரை மணித்தியாலம் பேசினார். சிரிக்கவும் வைத்தார். மூன்று பேர் அவருடைய தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கித் தங்களுடையதையும் கொடுத்தார்கள். ஷரோன் கோப்பிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஜீப்பைக் கராஜில் கொண்டுவந்து விட்டாள்.

"புதுசைப் போட்டுவிடுங்கோ அண்ணை" என்றாள்.

"ஐப்பசிப் பயணம் கைவிட்டுப் போனது கவலைதான், என்ன?"

"இட்ஸ் ஓகே. அடுத்த வருசம் பாப்பம்" என்றவள், வழக்கமாகக் குடிக்கும் தேநீரையும் குடிக்காமல் வேலைக்குப் போனாள்.

வியாழக்கிழமைதான் அவருக்கு அந்த முறிந்த துண்டை எடுக்க நேரம் வந்தது. துடைத்தார். பல்வரிகளைத் தடவினார். விரல் நின்றது. முன்னுக்குப் போகும்போது முறுகினால் பல்வரிகள் ஒரு பக்கம் சாயும். பின்னுக்கு எடுக்கும்போது முறுகினால் மறுபக்கம். இது மறுபக்கம் சாய்ந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சந்தேகமே இல்லை. ஷரோன் ரிவர்ஸ் போட்டுப் பின்னுக்கு எடுத்திருக்கிறாள். சில்லுக்குப் பின்னால் இருந்த கல்லில் முட்டி, அதை எதிர்த்து மிதித்திருக்கிறாள். முன்னால் நின்றவருக்கு ரிவர்ஸில் எரியும் பின்விளக்கு தெரிந்திருக்க வழியில்லை.

முதலில் வந்தது கோபம்தான்.

"நான் வா வா எண்டு நிக்கிறன், உவள் பின்னுக்கு எடுத்திருக்கிறாள்" என்று றம்ஸியிடம் காட்டினார்.

றம்ஸி அக்சிலைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தான். "அந்தப் பிள்ளை அப்பிடிச் சொல்வழி கேக்காத ஆளில்லையே அண்ணை. கேட்டுப் பாத்தீங்களா?" என்றான்.

"அக்சில் சொல்லுது. பிறகென்னத்தைக் கேக்கிறது?"

மறுநாள் வெள்ளி. ஒரு மணிக்கு றம்ஸி ஜும்மாத் தொழுகைக்குப் போய்விட்டான். அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு பெரிய ட்ரக் வந்து ஹோர்ன் அடித்தது. வாகனங்களை உள்ளே கூப்பிட்டு நிறுத்துவது எப்போதும் றம்ஸிதான். வேறு வழியில்லாமல் சச்சிதானந்தன் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கதவைத் தூக்கினார். ட்ரக்கை ஓட்டிவந்த வெள்ளைக்காரப் பொடியனைப் பார்த்து, வா என்று கை காட்டினார்.

ட்ரக் பின்னுக்குப் போனது.

கொஞ்சம் வேகமாகக் காட்டினார். ட்ரக் இன்னும் வேகமாகப் பின்னுக்குப் போய் வீதி விளிம்பில் நின்றது. பொடியன் தலையை வெளியே நீட்டி, "இன்னும் எவ்வளவுதான் பின்னால் போகச் சொல்கிறாய்? வீதிக்கே வந்துவிட்டேன்!" என்று கத்தினான்.

சச்சிதானந்தன் தன் கையைப் பார்த்தார். அது அவர் முகத்துக்கு நேரே, உள்ளங்கை கீழே பார்க்க, நான்கு விரலும் மடிந்து மடிந்து நிமிர்ந்தபடி நின்றது. அம்மா அப்படித்தான் கூப்பிட்டாள். பஸ்ஸைக் கை காட்டி மறிப்பதும் கூட்டாளியை அழைப்பதும் அப்படித்தான். பிறந்த நாளிலிருந்து அந்தக் கை அப்படித்தான் வா என்று சொல்லிவந்தது. கிளடிஸ் காட்டிய சைகை அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. வா என்பதற்கு உள்ளங்கை தன் நெஞ்சைப் பார்க்கவேண்டும். கீழே பார்த்த கையை அசைத்தால், பின்னுக்குப் போ.

ட்ரக்கை எப்படி உள்ளே எடுத்தார் என்பது அவருக்கு நினைவில்லை. பொடியன் போனபிறகு பின்னறைக்குப் போய் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். ஷரோன் அவருடைய கையை நம்பினாள். சொன்னதைச் சொன்னபடியே செய்தாள். தன் கண்ணுக்குப் பிழையென்று பட்டும் செய்தாள், அதுதான் அந்த முகம் இறுகியது. பிறகு பன்னிரண்டு பேருக்கு முன்னால் அவர் அவளைப் பிழைகாரியாக்கி, அதே வாயால் அரை மணித்தியாலம் வகுப்பும் எடுத்திருக்கிறார். வெட்கத்தில் அவருக்குக் காது எரிந்தது.

இந்த அக்சிலை வாசிக்கத் தெரிந்தவர் கிளப்பில் வேறொருவரும் இல்லை. கதவடியில் பழைய இரும்பு போடும் பீப்பாய் நின்றது. செவ்வாய்க்கிழமை அதை எடுக்க ஆள் வரும். உள்ளே போட்டுவிட்டால் முடிந்தது கதை. சொன்னால் என்ன நடக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். வா என்று சொல்லத் தெரியாதவரை யார் முன்னால் நிறுத்துவார்கள்? மேலங்கி போகும். சனிக்கிழமைகள் போகும். மூன்று தொலைபேசி எண்களும் போகும். திரும்பவும் வெள்ளி பின்னேரத்திலிருந்து திங்கள் காலைவரை அந்த ஒன்பதாம் மாடி. அந்த வீட்டை நினைத்தபோது அவருக்கு உண்மையாகவே பயம் வந்தது. துண்டைத் துணியில் சுற்றிப் பீப்பாய்க்குப் பக்கத்தில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் எடுக்காமல், சுவரோடு சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை கிளப்புக்குப் பயணம் இல்லை. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, உள்ளங்கையை நெஞ்சுப் பக்கம் திருப்பி விரலை ஆட்டிப் பழகினார். நாயைக் கூப்பிடுவதுபோல இருந்தது. கொஞ்சம் வேகமாக ஆட்டினால் சண்டைக்குக் கூப்பிடுவதுபோல இருந்தது. யாரையும் கூப்பிடாமல் ஒரு மனிதன் கண்ணாடிக்கு முன்னால் நின்று வா வா என்று கொண்டிருப்பதைப் பார்க்க அவருக்கே சகிக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வந்தார். அன்று முழுவதும் தொலைபேசி அடிக்கவில்லை. எண் வாங்கிய மூன்று பேரில் ஒருவராவது எடுத்திருந்தால் அவர் மனம் மாறியிருக்குமோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை கராஜைத் திறந்து துண்டை எடுத்துக்கொண்டு மில்லிக்கனில் இருந்த ஷரோனின் வீட்டுக்குப் போனார். அவள் முற்றத்தில் காய்ந்த இலைகளைக் கூட்டிப் பையில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை? என்ன திடீரெண்டு? வாங்கோ உள்ளுக்கு."

"இல்லை, இதிலயே நிண்டு சொல்லிப்போட்டுப் போறன்." துணியை விரித்துத் துண்டைக் காட்டினார். "இது பின்னுக்கு முறுகியிருக்கு. நீங்கள் ரிவர்ஸ் எடுத்திருக்கிறியள். நான் காட்டின கை அப்பிடி. நான் வா எண்டன். கிளப்பில அதுக்கு அர்த்தம் போ. பிழை என்ர. நான் எல்லாருக்கும் முன்னால உங்களைச் சொல்லிப்போட்டன்."

அத்தனை வசனம் தொடர்ந்து பேசியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஷரோன் தும்புக்கட்டையை மதிலோடு சாய்த்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணை."

"என்ன தெரியும்?"

"அண்டைக்கு வீட்ட வரேக்கயே, லிண்ட்சே தாண்டேக்க, எனக்கு க்ளிக் பண்ணிட்டுது. ஓ மை கோட், அவர் வா எண்டல்லோ காட்டினவர் எண்டு."

அந்த நேரம் பார்த்து வீட்டுக் கதவு திறந்தது. ஞாயிறுப் பூசைக்குப் போய்வந்த சேலையோடு ஷரோனின் தாய் பேபி நின்றார். "தேத்தண்ணி போட்டிட்டன், வாங்கோ ரெண்டு பேரும்" என்று கையை அசைத்தார். உள்ளங்கை கீழே பார்த்தது. நான்கு விரலும் மடிந்து மடிந்து நிமிர்ந்தன. இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள். ஷரோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாத்தீங்களா? அம்மா இப்பிடிக் கூப்பிட்டா நான் ஓடிப் போவன். சின்னனில இருந்து. ஆனா ஜீப்புக்குள்ள ஏறினா நான் புல்லா இங்கிலீஷ், அண்ணை. என்ர மூளை கிளப் சைகையைத்தான் பாத்தது. ஸோ, அரைவாசிப் பிழை என்ர."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை? கிளடிசுக்கு ஒரு கோல் எடுத்திருந்தா உங்கட இடம் போயிராதே."

அவள் கையுறையைக் கழற்றி மண்ணைத் தட்டினாள்.

"நாலு மாசமா உங்களைப் பாக்கிறன். லஞ்சுக்கு எல்லாரும் சேர்ந்து இருப்பம், நீங்க போய் ஆரிண்டையோ ஜீப்புக்குக் கீழ குனிஞ்சு பாத்துக்கொண்டு இருப்பீங்க. அண்டைக்குத்தான் நீங்க கதைச்சீங்க. எல்லாரும் கேட்டவை, சிரிச்சவை. நம்பர் எல்லாம் வாங்கினவை. அதைப் போய் எப்பிடி நான்..." என்று நிறுத்தினாள். "ட்ரிப் அடுத்த வருசமும் வரும் அண்ணை."

சச்சிதானந்தனுக்குக் கண் கலங்கியது. அதைவிட, குத்தியது. தன் தனிமை யாருக்கும் தெரியாமல் சேர்ட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது என்றுதான் அவர் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார். அது எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒருத்தி அதைப் பார்த்து, ஒரு வருடம் காத்திருந்த பயணத்தைச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்திருக்கிறாள். அவர் தேநீரை நின்றபடியே குடித்துவிட்டு, பேபி கட்டிக்கொடுத்த கேக் துண்டுகளோடு வீட்டுக்கு வந்தார்.

வந்தவுடன் கிளடிசுக்கு ஈமெயில் எழுதினார். பிழை ஸ்பொட்டருடையது, ஓட்டியவருடையது அல்ல. முறிந்த துண்டின் படத்தை இணைத்திருக்கிறேன். ஷரோனின் இடத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள். எழுத ஐந்து நிமிடம் சென்றது, அனுப்ப ஒரு மணித்தியாலம். மறுநாள் பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி, ஷரோன் பெரும்பயணத்துக்கு வருகிறாள், நீ வசந்தகாலத்தில் சைகை வகுப்பை முடிக்கும்வரை மேலங்கியைத் திருப்பித் தரவேண்டும். அதில் கோபமும் இல்லை, வேறொன்றும் இல்லை. கிளப்பின் பொதுச் செய்திக் குழுவில் கிளடிஸ் விபரத்தைப் போட்டார். எண் வாங்கியவர்களில் ஒருவர் பெருவிரலை உயர்த்திய படம் அனுப்பினார். மற்ற இருவரும் அதுவும் அனுப்பவில்லை. அடுத்த மூன்று சனிக்கிழமைகளும் அவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்து நானூற்றியொன்றாம் நெடுஞ்சாலையில் வாகனங்கள் போவதைப் பார்த்தார்.

ஐப்பசியில் பெரும்பயணம் புறப்படும் காலை, பிக்கரிங் தாண்டி ஒரு கோப்பிக்கடையின் தரிப்பிடத்தில் எல்லோரும் கூடினார்கள். சச்சிதானந்தன் இரண்டு அலுவலாகப் போனார். ஒன்று, மேலங்கி. கழுவி மடித்து ஒரு பையில் போட்டுக் கிளடிசின் கையில் கொடுத்தார். மற்றது, ஷரோனின் ஜீப்புக்கு ஒரு மாற்று அக்சில். பாதையில் முறிந்தால் போட்டுக்கொள்ள அவரே தெரிந்தெடுத்து, கிறீஸ் பூசிச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதை ஜீப்பின் பின்னால் வைத்துக் கட்டினார்.

"திரும்ப முதல்..." என்று தொடங்கினார்.

"திறக்கவேணும். தெரியும் அண்ணை" என்றாள் ஷரோன். அவள் ஏதோ இன்னும் சொல்ல வந்ததுபோல இருந்தது. ஆனால் கிளடிஸ் விசில் ஊதிவிட்டார். எல்லோரும் ஏறினார்கள்.

சச்சிதானந்தன் ஒதுங்கி, கடைசியாகப் புறப்படக் காத்து நின்ற கிளடிசுக்குப் பக்கத்தில் நின்றார். முதல் வாகனம் போனது, இரண்டாவது போனது. ஒருவர் ஹோர்ன் அடித்தார், இன்னொருவர் தலையசைத்தார். இன்னும் பத்து நிமிடத்தில் இந்தத் தரிப்பிடம் காலியாகிவிடும், பிறகு தன் காரில் ஏறி, டோர்செட் பார்க்குக்குப் போய், லிஃப்டில் ஒன்பதை அழுத்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். மூன்று நாள் நீண்ட வாரவிடுமுறை. செவ்வாய்க்கிழமைதான் கராஜ் திறக்கும்.

சிவப்பு ஜீப் வெளிவாசலுக்குப் போய்த் திரும்பாமல் நின்றது. பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி இறங்கியது. ஒரு கை வெளியே வந்தது. உள்ளங்கை கீழே பார்க்க, நான்கு விரலும் மடிந்து நிமிர்ந்து, மறுபடி மடிந்து நிமிர்ந்தன.

கிளடிஸ் புருவத்தைச் சுருக்கினார். "உன்னைப் பின்னால் போகச் சொல்கிறாள் சச்சி. வழியில் நிற்கிறாய்போல. கொஞ்சம் விலகு" என்றார்.

"இல்லை" என்றார் சச்சிதானந்தன். மாற்றுடுப்பு இல்லை, பல் தீட்டும் பிரஷ் இல்லை, காரைப் பூட்டினாரா என்பதும் நினைவில்லை. அந்தக் கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அவர் முன்னுக்கு நடந்தார்.